பழைய மோட்டாரின் ஆறு கம்பிகள்

சித்தியவான் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் பழைய கடைசல் இயந்திரம் ஒன்று கிடக்கிறது என்று கொள்வோம். தொழிலாளர் நாவில் அது லேத். அதன் அடியில் ஒரு மோட்டார். பக்கத்துச் சுவரில் கைப்பிடி வைத்த ஸ்டார்ட்டர்ப் பெட்டி. மோட்டாரின் மூடியைத் திறந்தால் துணி சுற்றிய ஆறு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆறும் ஒரே கறுப்பு. முன்பு அவற்றில் தொங்கிய எழுத்துத் தகடுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. யாரோ கைக்குத் தோன்றியபடி இணைத்துப் பார்த்திருக்கிறார். கைப்பிடியை முதற்படிக்குத் தள்ளினால் மோட்டார் அசைவதில்லை. பெட்டிக்குள்ளிருக்கும் தடைச்சுருள் சிவக்கிறது. பிறகு ஃபியூஸ் போகிறது. “ஆர்மேச்சர் எரிந்துவிட்டது, இனி இரும்புக்கடைதான்” என்று தீர்ப்பும் வழங்கியாகிவிட்டது.

இத்தகைய தீர்ப்புகளிற் பல அவசரத் தீர்ப்புகளே. ஆர்மேச்சர் ஒரு குற்றமும் செய்திராது. ஒரே ஒரு கம்பி தன் இடத்தை விட்டு வேறிடத்தில் அமர்ந்திருக்கும். நல்ல செம்பும் நல்ல இரும்பும் கொண்டு செய்யப்பட்ட பொறி அதற்காக எடைக்குப் போகிறது. இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. வேறொரு கம்பி இடம் மாறினால் மோட்டார் நிற்பதற்கு மாறாக வெறிகொண்டு ஓடும், ஓடிச் சிதறும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதனை அறிந்தவர்க்கு இந்த ஆறு கம்பிகளும் புதிரல்ல.

முதலில், இத்தகைய மோட்டார் இங்கு எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது காண்பது தகும். இன்று வீட்டுக்கு வருவது மாறு மின்னோட்டம், ஏ.சி. என்பது வழக்கு. அது நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் போய்வருவது. டி.சி. எனப்படும் நேர் மின்னோட்டம் ஒரு திசையிலேயே ஓடுவது. மலாயாவில் மின்சாரம் உழைப்புக்கு வந்த முதல் இடங்களுள் ஒன்று சிலாங்கூரைச் சேர்ந்த ரவாங். அங்கே 1894 வாக்கில் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தால் நீர் இறைத்தனர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் வரலாற்றில் பிள்ளையவர்களின் பெயரை அறிந்தோர் பலர். மின்பம்பின் வரலாற்றில் அறிந்தோர் சிலரே. பேராக்கில் 1930-இல் செண்டரோ அணை மின்சாரம் தரத் தொடங்கியது. அதன் கம்பிகள் முதலில் நாடிச் சென்றவை ஈயச் சுரங்கங்களே. கம்பி எட்டாத தோட்டங்கள் தத்தம் எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் நம்பியிருந்தன. இரவில் எஞ்சினை நிறுத்திய பிறகும் விளக்கு எரிய வேண்டுமாயின் மின்கல அடுக்கில் மின்சாரத்தைச் சேமித்தாக வேண்டும். அதற்கு நேர் மின்னோட்டமே உதவும். கப்பல்களிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதுவே பெருவழக்கு. லுமுட் போன்ற கடற்கரை ஊரை அடுத்த இடங்களில் கப்பற் பொறிகளும் பழையன கழிதல் வழியே பட்டறைக்கு வந்து சேர்வது வியப்பன்று.

சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிகளையும், பினாங்கில் 1906 முதல் 1936 வரை ஓடிய டிராம் வண்டிகளையும் இழுத்தவை நேர்மின் மோட்டார்களே. நியூயார்க்கில் எடிசன் 1882-இல் தொடங்கி வைத்த நேர்மின் வழங்கலின் கடைசி இணைப்பு 2007 நவம்பரில்தான் துண்டிக்கப்பட்டது. ஆகவே ஒரு பட்டறை மூலையில் இத்தகைய மோட்டார் இன்னும் மூச்சு விடுவது அத்துணைப் பழங்கதையுமன்று.

இந்த மோட்டாரின் பிறப்பிலேயே ஒரு கம்பிப் பிழை உண்டு. 1873-இல் வியன்னாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குக் கிராம் என்பாரின் டைனமோக்கள் சென்றிருந்தன. அங்கே ஓடிக்கொண்டிருந்த டைனமோவின் கம்பிகளை, ஓடாமல் நின்ற இன்னொரு டைனமோவில் எவரோ தவறாக மாட்டிவிட்டனர் என்பர். நின்றிருந்த பொறி தானே சுழலத் தொடங்கியது. கிராமின் கூட்டாளியான ஃபொந்தேன் அப்பிழையின் பயனை அங்கேயே உணர்ந்து, மின்சாரத்தால் ஒரு பம்பை ஓட்டிக் காட்டினார். சுழற்றினால் மின்சாரம் தரும் பொறி, மின்சாரம் தந்தால் சுழலும். டைனமோவும் மோட்டாரும் ஒரே பொறியின் இரு நிலைகள் என்னும் இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

மோட்டாருக்குள் இருப்பவை இரண்டு. நடுவில் சுழல்வது ஆர்மேச்சர். தமிழில் சுழலி எனலாம். அதனைச் சூழ்ந்து அசையாமல் நிற்பன காந்த முனைகள். அம்முனைகளின்மேல் சுற்றிய கம்பிச் சுருள்களே அவற்றைக் காந்தமாக்குகின்றன. இச்சுருள் இருவகைப்படும். மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிச் சுழலிக்குப் பக்கத் துணையாக இணைப்பது பக்கச்சுருள். பட்டறையில் ஷண்ட் காயில். தடித்த கம்பியைச் சில சுற்றே சுற்றிச் சுழலியோடு வரிசையாக இணைப்பது தொடர்ச்சுருள். அது சீரீஸ் காயில். நான்கு கம்பி மட்டும் வெளிவந்தால் சுழலியோடு ஏதேனும் ஒரு சுருளே உண்டு. ஆறு வந்தால் இரண்டும் உண்டு; அதனைக் கூட்டு மோட்டார் என்பர். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி சுழலியின் முனைகளுக்கு ஏ, ஏஏ என்றும், பக்கச்சுருளுக்கு இசட், இசட்இசட் என்றும், தொடர்ச்சுருளுக்கு ஒய், ஒய்ஒய் என்றும் எழுத்துப் பொறித்திருப்பர்.

சுழலியின் ஒரு நுனியில் செம்புப் பட்டைகள் உருளைபோல் அடுக்கப்பட்டிருக்கும். அது கம்யூட்டேட்டர், அஃதாவது திசைமாற்றி. அதன்மேல் உராய்ந்து மின்சாரத்தை உள்ளே விடுவது பிரஷ். கலைச்சொல் ஆக்குவோர் இதனைத் தூரிகை என்று பெயர்த்தபோது, கரிக்கட்டி எங்ஙனம் தூரிகை ஆகும் என்று நகைத்தவர் இருந்திருக்கக் கூடும். நகைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் அது செம்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டிய மெய்யான தூரிகையே. 1880-களில் கார்பன் கட்டி அதன் இடத்தைப் பிடித்தது. பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. வகுப்பறையில் இவ்வொரு சொல்லை விளக்கினாலே மாணவர்க்கு அப்பொறியின் வரலாற்றில் ஒரு பகுதி விளங்கிவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மோட்டாரின் பெயர்த்தகட்டில் 220 வோல்ட், 3 குதிரைத்திறன், 13 ஆம்பியர் என்று இருப்பதாகக் கொள்க. பக்கச்சுருளின் தடை 275 ஓம். ஆகவே அதில் ஓடுவது 0.8 ஆம்பியர். சுழலியின் தடை 1.3 ஓம், தொடர்ச்சுருளின் தடை 0.2 ஓம், இரண்டும் சேர்ந்து 1.5 ஓம். ஓமின் விதியை நேரே போட்டால் 220-ஐ 1.5-ஆல் வகுக்க 147 ஆம்பியர் வருகிறது. தகட்டிலோ 13 என்றுதான் உள்ளது. தகடு பொய் சொல்கிறதா? இல்லை. இங்கேதான் வியன்னாவின் பாடம் வருகிறது. சுழலும் மோட்டார் அதே வேளையில் ஒரு டைனமோவும் ஆகும். அது தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை எழுப்பி, வருகிற மின்சாரத்தைத் தடுத்து நிற்கிறது. முழுச் சுமையில் அந்த எதிரழுத்தம் ஏறத்தாழ 202 வோல்ட். மிஞ்சிய 18 வோல்ட்டே 1.5 ஓம் தடையில் 12 ஆம்பியரைச் செலுத்துகிறது.

நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு எதிரழுத்தம் இல்லை. எனவே முழு மின்சாரத்தையும் ஒரே அடியாகக் கொடுத்தால் 147 ஆம்பியர் பாய்ந்து பிரஷ்ஷையும் திசைமாற்றியையும் தீய்த்துவிடும். இதனைத் தடுக்கவே ஸ்டார்ட்டர். அது ஏறத்தாழ 11 ஓம் அளவுள்ள தடைச்சுருளை முதலில் வழியில் நிறுத்தி, மின்னோட்டத்தை 18 ஆம்பியர் அளவில் அடக்குகிறது. வேகம் ஏற ஏற, கைப்பிடி படிப்படியாகத் தடையை விலக்குகிறது. கடைசிப் படியில் ஒரு சிறு மின்காந்தம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறது. மின்சாரம் நின்றால் பிடி தளர்ந்து, வில்லின் இழுப்பால் கைப்பிடி பழைய இடத்துக்கு ஓடிவிடும். பழைய ஸ்டார்ட்டர்களில் இவ்வளவும் ஒரு கரும்பலகையின்மேல் அமைந்திருக்கும். அப்பலகை பிள்ளைகள் எழுதிப் பழகிய அதே சிலேட்டுக் கல்லே. ஆனால் தடைச்சுருளைச் சூழ்ந்து வெண்சாம்பல் நிற அட்டை இருந்தால் அதனைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. அக்காலத்தில் கல்நாரை இதற்குத் தாராளமாகப் பயன்படுத்தினர். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

ஸ்டார்ட்டரில் மூன்று முனைகள் உண்டு. எல் என்பது மின்சாரம் வரும் முனை. ஏ என்பது சுழலிக்குப் போகும் முனை. எஃப் என்பது பக்கச்சுருளுக்குப் போகும் முனை. எஃப் முனையின் சிறப்பு யாதெனில், கைப்பிடி முதற்படியைத் தொட்டவுடனேயே பக்கச்சுருளுக்கு முழு 220 வோல்ட்டும் அதன் வழியே சென்றுவிடும். தடைச்சுருளின் பாதிப்பு அதற்கு இல்லை. காந்தம் முதலில் முழு வலிமை பெற வேண்டும். சுழலிக்குரிய மின்சாரம் அதன்பின் மெல்ல ஏற வேண்டும். நேர்மின் மோட்டாரின் கம்பி இணைப்பு முழுவதும் இந்த ஒரு முறைக்கு அடங்கியதே.

இப்போது நம் லேத்தின் நோய் இன்னதென்று சொல்லிவிடலாம். பழுது பார்த்தவர் ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு மூன்று கம்பி இழுப்பதற்கு மாறாக இரண்டே இழுத்திருக்கிறார். பக்கச்சுருளை மோட்டார்ப் பெட்டிக்குள்ளேயே சுழலியின் முனைகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். “பக்கத் துணையாக இணைப்பது பக்கச்சுருள்” என்று படித்ததை அப்படியே செய்தார். பார்வைக்குப் பிழையே இல்லை. ஆனால் தொடங்கும் நொடியில் மோட்டாரின் முனைகளில் இருப்பது 220 வோல்ட் அன்று. 18 ஆம்பியரை 1.5 ஓமால் பெருக்கினால் 27 வோல்ட்தான். மற்றது தடைச்சுருளிலேயே கழிந்துவிடும். ஆகவே பக்கச்சுருளுக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு. காந்தம் வலுவிழந்தால் சுழற்றும் விசையும் இல்லை. விசை இல்லையேல் மோட்டார் அசையாது. அசையாவிடில் எதிரழுத்தம் எழாது. அது எழாத வரை தடைச்சுருள் காய்ந்துகொண்டே இருக்கும். ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும் இச்சங்கிலியில் ஆர்மேச்சரின் குற்றம் எங்கும் இல்லை.

இதற்கு ஓர் அடையாளமும் உண்டு. எஃப் முனையில் கம்பி இல்லாததால் கைப்பிடியைப் பிடித்து வைக்கும் மின்காந்தத்துக்கும் மின்சாரம் இராது. எப்படியோ மோட்டாரைக் கையால் உந்தி ஓடவிட்டாலும், கடைசிப் படியில் கைப்பிடி நில்லாமல் திரும்பி ஓடும். இதனைக் கண்டு கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைப்பாரும் உண்டு. அதனினும் கொடிய செயல் இப்பொறியில் வேறில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

கம்பிகளை அடையாளம் காணும் முறை வருமாறு. முதலில் மின்சாரத்தை அறவே துண்டிக்க வேண்டும். சுவிட்சை மட்டும் நம்பாமல் கம்பியையே கழற்றிவிடுவது நலம். ஆறு முனைகளையும் ஒன்றோடொன்று படாமல் பிரித்து வைத்து, ஓம் அளக்கும் கருவியால் இணை இணையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்று சோடிகள் தெரியவரும். நூற்றுக்கணக்கான ஓம் காட்டும் சோடி பக்கச்சுருள். அதில் ஐயமே இல்லை. மற்ற இரண்டும் ஏறக்குறைய சுழியையே காட்டும். சந்தைக் கருவிக்கு 0.2 ஓமுக்கும் 1.3 ஓமுக்கும் வேறுபாடு காண்பது அரிது. அதன் சொந்தக் கம்பியின் தடையே அவ்வளவு இருக்கும். இங்குக் கருவியை விட ஒரு காகிதத் துண்டு நன்கு உதவும். பிரஷ்ஷைத் தூக்கி அடியில் காகிதத்தைச் செருகினால் சுழலியின் வழி அறுந்துபோகும். எந்தச் சோடி அப்போது மௌனமாகிறதோ அது சுழலி. எஞ்சியது தொடர்ச்சுருள்.

அளவாகவே அறிய விரும்புவோர் கார் மின்கலத்தையும் கார் விளக்கு ஒன்றையும் வரிசையாக இணைத்து ஒவ்வொரு சுருளிலும் 2 ஆம்பியர் அளவு ஓடவிட்டு, சுருளின் இரு முனைக்கும் இடையே வோல்ட் அளக்கலாம். தொடர்ச்சுருளில் 0.4, சுழலியில் 2.6 என்று வரும். அந்த விளக்கு பக்கச்சுருளோடு இணைத்தால் எரியவே எரியாது. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பக்கச்சுருளில் 12 வோல்ட்தானே என்று அம்மணக் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு துண்டித்தால் நல்ல அடி விழும். ஆயிரக்கணக்கான சுற்றுகளில் தங்கிய காந்தம் ஒரு நொடியில் மறையும்போது நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்பிவிடும். ஃபாரடே 1831-இல் கண்ட தூண்டல் விதி விரலில் தெரியும்.

சோடி கண்டதோடு வேலை முடியவில்லை. தொடர்ச்சுருளும் பக்கச்சுருளும் ஒரே முனைகளின்மேல் சுற்றப்பட்டவை. இரண்டும் காந்தத்தை ஒரே பக்கம் உந்த வேண்டும். ஒன்றை ஒன்று எதிர்த்தால், சுமை கூடும்போது காந்தம் தளர்ந்து, வேகம் தாறுமாறாகும். சில வேளை தொடங்கும்போதே எதிர்த் திசையில் சுழலும். இதனை அறிய முள் வைத்த வோல்ட்மானி ஒன்று போதும். எண் காட்டும் புதிய கருவி இவ்வேலைக்கு ஆகாது. அது விழிப்பதற்குள் செய்தி போய்விடும். மானியைத் தொடர்ச்சுருளின் இரு முனைகளில் மாட்டிவிட்டு, மின்கலத்தின் நேர்முனையைப் பக்கச்சுருளின் ஒரு முனையில் வைத்து, மற்றதைப் படக்கென்று தொட வேண்டும். தொட்ட நொடியில் முள் முன்னோக்கித் துள்ளினால், மின்கலத்தின் நேர்முனை பட்ட பக்கச்சுருள் முனையும் மானியின் நேர்முனை பட்ட தொடர்ச்சுருள் முனையும் இனமானவை. மின்சாரம் அவ்விரண்டின் வழியேயும் உள்ளே நுழைய வேண்டும். முள் பின்னோக்கித் துள்ளினால் தொடர்ச்சுருளின் மறுமுனையே இனமானது. எடுக்கும்போது முள் எதிர்ப்பக்கம் துள்ளும். அதனைக் கணக்கிற் கொள்ளலாகாது. இங்குதான் பலர் தடுமாறுகின்றனர்.

மோட்டாரைப் பிரித்து மறுபடி சுற்றியிருந்தால் இன்னொரு பிழையும் புகுந்திருக்கலாம். சுற்றியுள்ள காந்த முனைகள் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என மாறி மாறி வர வேண்டும். ஒரு சுருள் தலைகீழாக இணைந்தால் அடுத்தடுத்து மூன்று முனை ஒரே இனமாகிவிடும். பள்ளி அறிவியல் பெட்டியிலுள்ள திசைகாட்டி இதனைச் சொல்லிவிடும். பக்கச்சுருளுக்கு மட்டும் உரிய மின்சாரம் கொடுத்து, மோட்டாரின் ஓட்டுக்கு வெளியே, முனைகளைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் அருகே திசைகாட்டியை ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோனால் முள் மாறி மாறித் திரும்ப வேண்டும். மிக நெருங்கலாகாது; வலிய காந்தம் முள்ளின் இனத்தையே மாற்றிவிட்டால் பள்ளியின் திசைகாட்டி அன்றிலிருந்து தெற்கை வடக்கென்று காட்டும்.

சுழலும் திசை தவறாக இருந்தால் என் செய்வது? சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பார்ப்பதே பலர் முதலிற் செய்வது. மோட்டார் முன்போலவே சுழலும். காந்தமும் மாறுகிறது, சுழலியின் மின்னோட்டமும் மாறுகிறது. எதிரும் எதிரும் கூடினால் நேர். தையல் இயந்திரத்து மோட்டாரும் அடுக்களை மிக்சியும் மாறு மின்னோட்டத்தில் ஓடுவதன் இரகசியம் இதுவே. அவற்றில் சுழலியும் சுருளும் ஒரே தொடராக இருப்பதால் இரண்டும் ஒருங்கே திசை மாறுகின்றன. திசை மாற வேண்டுமானால் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கூட்டு மோட்டாரில் சுழலியின் ஏ, ஏஏ முனைகளை மட்டும் மாற்றுவதே முறை. சுருள்களைத் தொட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற நேரும். பெரிய முனைகளுக்கு நடுவே மெலிந்த இடைமுனைகள் இருந்தால் அவை சுழலியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைச் சுழலியோடு சேர்த்தே புரட்ட வேண்டும். இதனை மறந்தால் பிரஷ் அடியில் பொறி பறக்கும்.

கயிறு கட்டிய கைப்பிடிக்கு வருவோம். பக்கச்சுருளின் கம்பி ஓட்டத்தின் நடுவே அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காந்தம் அடியோடு மறைவதில்லை. இரும்பில் சிறிது எஞ்சி நிற்கும். காந்தம் குறைந்தால் எதிரழுத்தம் குறையும், மின்னோட்டம் பாயும். சுமை பாரமாக இருந்தால் மோட்டார் திணறி நின்று ஃபியூஸ் போகும், அது நல்லகாலம். பெல்ட் கழன்றோ சுமையின்றியோ ஓடும் மோட்டாராயின், இழந்த எதிரழுத்தத்தை மீட்க மேலும் மேலும் விரையும். தளர்ந்த காந்தத்தில் அதே எதிரழுத்தம் எழ வேண்டுமாயின் பல மடங்கு வேகம் வேண்டும். அதற்குள் சுழலியின் கட்டுக்கம்பி அறுந்து செம்பு வெளியே வீசும். இதனைத் தடுப்பதற்கென்றே அறிஞர், கைப்பிடியைப் பிடிக்கும் மின்காந்தத்தைப் பக்கச்சுருளோடு ஒரே தொடராக வைத்தனர். சுருள் அறுந்தால் பிடியும் தளரும், மோட்டார் நிற்கும். கைப்பிடியில் கயிறு கட்டுவோர் இந்தக் காவலையே கட்டிப்போடுகின்றனர். பக்கச்சுருளின் வழியில் தனி ஃபியூஸும் தனி சுவிட்சும் வைக்கலாகாது என்பதும் இது பற்றியே. மற்ற இடத்தில் காப்பாற்றும் ஃபியூஸ் இங்கே ஆபத்தை விளைவிக்கும். தொடர்ச்சுருள் மட்டும் உள்ள டிராம் வகை மோட்டாரும் சுமையின்றி ஓடினால் இவ்வாறே விரையும். ஆதலால் அதற்குப் பெல்ட் கூடாது, பற்சக்கரமே வேண்டும்.

இணைப்பெல்லாம் சரியாயினும் உடனே மின்சாரம் கொடுக்கலாகாது. தைப்பிங்கோடு ஒப்பிடச் சித்தியவானில் மழை மிகக் குறைவுதான். எனினும் கடலை அடுத்த காற்றின் ஈரம் குறைவதில்லை. ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த மோட்டாரின் பருத்தி உறை அந்த ஈரத்தைக் குடித்திருக்கும். 500 வோல்ட் மெக்கரால் சுருளுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே அளந்தால் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். வராவிடில், கூட்டுக்குள் 60 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டுச் சாக்கால் தளர மூடி, ஓரிரு நாள் மெல்ல உலர்த்தினால் பெரும்பாலும் தேறிவிடும். பழைய உறை மொறுமொறுத்துப் பொடிந்திருந்தால் உலர்த்திப் பயனில்லை. திசைமாற்றியின் பட்டைகளுக்கு நடுவே அடைந்த கரித்தூளைத் துலக்குவதும், பிரஷ்ஷின் வில் தளராமல் அழுத்துகிறதா என்று பார்ப்பதும் இவ்வேளையிலேயே முடிக்க வேண்டிய சிறு வேலைகள்.

இன்று நேர் மின்னோட்டம் எங்கிருந்து வரும்? நாலு டயோடுகளைப் பாலமாகக் கட்டிய ரெக்டிஃபையரே அதற்கு வழி. 230 வோல்ட் மாறு மின்னோட்டத்தை அதன் வழியே விட்டால் சராசரி 207 வோல்ட் கிடைக்கும். 220 வோல்ட் மோட்டாருக்கு அது போதும். வேகம் சற்றே குறையும். அலையைச் சமனாக்குவோம் என்று யாரேனும் பெரிய கண்டென்சரைச் சேர்த்தால் கதை மாறிவிடும். சுமை குறைந்த வேளையில் அழுத்தம் 325 வோல்ட் வரை ஏறும்; பக்கச்சுருளில் வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டும். நல்ல சுருள் கருகுவது இப்படித்தான். கூடாதென்று விலக்க வேண்டியது கண்டென்சரைத்தான், ஸ்டார்ட்டரை அன்று. அது முன்போலவே வேண்டும்.

ரெக்டிஃபையரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் கொல்லக் கூடியவை; ஒன்று “நியூட்ரல்” என்று எண்ணித் தொடுதல் தவறு. லேத்தின் இரும்பு உடலுக்குப் பச்சை மஞ்சள் எர்த் கம்பி கட்டாயம் போக வேண்டும். மாறு மின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் எளிய வகைக் கசிவுத் துண்டிப்பான் இத்தகைய மின்னோட்டத்தில் செயலற்றுப் போகலாம். அதற்கேற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மலேசியாவில் மின் இணைப்பு வேலையை ஆற்றல் ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும் என்பது சட்டம். காகிதத் துண்டும் திசைகாட்டியும் கொண்டு ஆராய்வது எவர்க்கும் தகும். சுவரோடு இணைப்பதை உரியவரிடமே விட வேண்டும்.

முதன்முறை ஓட்டும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எவரும் சுழலியின் நேர்ப்பக்கத்தில் நில்லாமல், பக்கச்சுருளின் வழியில் ஓர் ஆம்பியர்மானியை வைத்துப் பார்ப்பது பழைய தொழிலாளர் வழக்கம். முள் 0.8-ஐத் தொட்டு நின்ற பிறகே அவர் இரண்டாம் படிக்குக் கைப்பிடியை நகர்த்துவார். 0.1-லேயே நின்றால் கைப்பிடியை விட்டுவிட்டு எஃப் முனையைத் தேடிப் போவார். மோட்டார் சீராக ஓடிய அன்றே ஆறு பித்தளைத் துண்டுகளில் அந்தந்த எழுத்தைப் பொறித்துக் கம்பிகளில் கட்டி, இணைப்புப் படத்தைத் தமிழ்ப் பெயர்களோடு வரைந்து முனைப்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டால், அடுத்து அதனைத் திறப்பவர்க்கு இவ்வளவு தேடல் இராது.